பாட்டியின் படமும் ஐம்பது மில்லிமீற்றரும்

எங்கள் வாப்பாவின் கடை பசறை வீதியில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை பிரிகிற இடத்தில் இருக்கிறது. மாவும் சீனியும் மீன் டின்னும் விற்கிற சில்லறைக் கடைதான். டிசம்பர் லீவில் உயர்தரப் பாடக் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து படிப்பது என் வழக்கம். படிப்பதைவிட வருகிற ஆட்களைப் பார்ப்பதுதான் அதிகம் என்று உம்மா சொல்வார். அது உண்மைதான்.

அப்படி ஒரு நாள் மா வாங்க வந்த பாட்டி என்னைப் பார்த்து, "பாப்பா, நீ படம் புடிக்கிறியாமே? எனக்கு ஒன்னு புடிச்சுத் தாயேன். நான் செத்தா வைக்கிறதுக்கு" என்றார்.

நிறுத்துக்கொண்டிருந்த வாப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க பாட்டி" என்றார்.

"வேற எப்புடி மொதலாளி சொல்றது? ஒரு நாளைக்கு வைக்கத்தானே போறாங்க?"

பாட்டி கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நான் நடக்கப் பழகும்போது கடை வாசலில் என்னைத் தூக்கி வைத்திருந்தவர். அவருடைய கணவர் இறந்தபோது வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இருக்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த முத்திரை அளவுப் படத்தைத்தான் டவுனுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாகப் போயிருந்தது. "அந்த மனுசன் ஒரு நாளும் அப்புடி மொறச்சதில்ல பாப்பா. இப்ப பாக்குறவங்க எல்லாம் கோவக்கார ஆளுன்னு நெனைக்கிறாங்க." பாட்டிக்கும் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

நான் சரி என்றேன். சொன்ன பிறகுதான் யோசனை வந்தது.

என்னிடம் இருப்பது சாச்சா பாவித்துவிட்டுத் தந்த கெனன் 1300டி கெமரா. அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ்தான் என்னுடைய ஒரே லென்ஸ். வெயிலில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பதுளையின் டிசம்பர் மாதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமுனுகுலை மலையை மூடுகிற முகில் மத்தியானத்திலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நான்கு மணிக்கு லயத்துக் காம்பராவுக்குள் ஒரு மின்குமிழின் வெளிச்சம்தான் இருக்கும். பிளாஷ் போட்டால் முகம் வெள்ளைத் தகடாகி, பின்னால் சுவரில் கறுப்பு நிழல் விழும். பாட்டி தப்ப நினைப்பது அந்த அடையாள அட்டை முகத்திலிருந்துதானே!

சாச்சா கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். அவர் புதிய வகைக் கெமராவுக்கு மாறுவதால் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒன்று கெனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ். "இருபத்தெட்டாயிரம். உனக்கென்டா இருபத்தஞ்சு. ஒரு கிழமை வெச்சிப் பாத்துட்டுச் சொல்லு மகள்" என்றார். என்னிடம் இரண்டு வருடப் பெருநாள் காசு இருந்தது, சரியாக அந்த அளவுக்கு. அதே காசுக்கு உம்மா வேறு கணக்கு வைத்திருந்தார். பரீட்சைக்கு முன் பௌதிகவியல் மீட்டல் வகுப்பு.

ஆகவே ஒரு கிழமைக்குள் நான் முடிவெடுக்க வேண்டும். படமும் எடுத்தாக வேண்டும்.

முதல் பரிசோதனை கடையிலேயே நடந்தது. மேசையில் மீன் டின்கள் ஆறை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவாக அடுக்கி, ஒன்றரை மீற்றர் தூரத்தில் இருந்து மூன்றாவது டின்னைக் குறிவைத்து எடுத்தேன். எஃப் 1.8 இல் மூன்றாவது டின்னின் எழுத்து மட்டும் தெளிவு. அதுவும் முழு டின் இல்லை, முன்பக்கம் மாத்திரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் கிட்டத்தட்ட 6 செ.மீ. தான் வருகிறது. ஒரு மீன் டின்னின் அகலமும் இல்லை. எஃப் 4 க்கு வந்தால் அது 13, 14 செ.மீ. ஆகிறது. பிறகு சுவரில் ஒரு பழைய பத்திரிகையை ஒட்டி எடுத்தேன். எஃப் 1.8 இல் நடுப்பகுதி வாசிக்கலாம், மூலைகளில் எழுத்து சற்றுக் கரைகிறது. எஃப் 2.8 இல் எல்லா இடமும் நன்றாக இருந்தது. வாசல் தகரக் கூரையின் விளிம்பை வானத்துக்கு எதிரே எடுத்தபோது அதில் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய கரை. இவை இந்த லென்ஸின் குறைகள். இந்த விலைக்கு நான் மன்னித்துவிட்டேன். வாப்பா மட்டும், "டின்னெல்லாம் பழைய மாதிரி அடுக்கி வைக்கணும்" என்றார்.

இனி நிறை. வகுப்பில் வில்லைப் பாடம் படித்தவர்களுக்கு இது விளங்கும். எஃப் எண் என்பது குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது. என் பழைய லென்ஸை 50 மி.மீ. பக்கம் திருப்பினால் அது திறக்கக்கூடிய அதிகபட்சம் எஃப் 5.6. அதாவது ஏறக்குறைய 9 மி.மீ. அகலமான ஓட்டை. இந்த லென்ஸ் எஃப் 1.8 இல் திறப்பது 28 மி.மீ. அளவு. விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பளவு ஒன்பதரை மடங்குக்கு மேல். வெளிச்சமும் அவ்வளவு. கடையின் பின்னறையில் மாச் சாக்குகளுக்கு நடுவே பழைய லென்ஸ் 1/8 செக்கன் கேட்ட இடத்தில் இது 1/80 செக்கனில் எடுத்தது. பழைய லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, இதில் அது இல்லை. ஆனால் அந்த வசதி என் கை நடுங்குவதைத்தான் சரிசெய்யும். எதிரே இருப்பவர் தலையை ஆட்டினால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பேசாமல் அசையாமல் இருக்கிற பாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் இந்த லென்ஸை வாங்குகிற பலர் வெளிச்சத்துக்காக வாங்குவதில்லை. பின்னணி கரைந்து பஞ்சு மாதிரி வருமே, அதற்காகத்தான். 1987 இல் கெனன் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. 1990 இல் வந்த இரண்டாவது வடிவம் பிளாஸ்டிக் உடம்போடு மிக மலிவானது. சாச்சா தொழில் பழகியது அதில்தான். இப்போது என் கையில் இருப்பது 2015 இல் வந்தது. இந்த வரிசைக்கு உலகம் முழுவதும் இவ்வளவு ஆதரவு கிடைத்ததற்கு அந்தப் பஞ்சுப் பின்னணியும் ஒரு காரணம். எல்ல, தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் கலியாணச் சோடிகளைக் கூட்டிப்போய்ச் சாச்சா எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். முகம் இரண்டும் அழகு. பின்னால் 1921 இல் கட்டிய பாலம் சாம்பல் நிறப் புகையாக இருக்கும். இதற்கு ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்று நான் நினைத்ததுண்டு. சாச்சா இதை வாசித்தால் என்னை மன்னிக்கட்டும்.

சனிக்கிழமை அஸருக்கு முன்பே தம்பியையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினேன். உம்மா இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது. எடுத்ததைப் பேஸ்புக்கில் போடக் கூடாது. எங்கள் உம்மும்மா தன்னைப் படம் எடுக்க விடமாட்டார். உம்ராவுக்குப் போகப் பாஸ்போட்டுக்கு எடுத்ததோடு சரி. வேண்டாம் என்கிறவரை விட்டுவிட வேண்டும் என்பதை நான் வீட்டிலேயே படித்துவிட்டேன். வேண்டும் என்று கேட்கிறவருக்கு எப்படி எடுப்பது என்பதைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

பாட்டியின் காம்பரா 10 அடிக்கு 12 அடி. ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் அலுமாரி. பின்சுவரில் தாத்தாவின் அந்தப் படம், அதற்குப் பக்கத்தில் சாமிப் படங்கள். பாட்டி பெருநாளுக்கு உடுப்பது போல் சேலை உடுத்திக் காத்திருந்தார். மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் தலை சீவித் தயாராக நின்றார்கள். எல்லோரையும் சேர்த்து எடுப்போம் என்று பின்னால் நகர்ந்தேன். முதுகு சுவரில் முட்டியது. கெமராவுக்குள் பாட்டி மட்டும், அதுவும் தலையிலிருந்து மடிவரை. மருமகளின் பாதித் தோள் தெரிந்தது. சுவர் இன்னும் இரண்டு மீற்றர் பின்னால் போனால்தான் எல்லோரும் அடங்குவார்கள்.

சரி, பாட்டியை மட்டும் எடுப்போம் என்று காம்பரா நடுவில், மின்குமிழுக்குக் கீழே முக்காலியில் இருத்தினேன். பாட்டி உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். அதே அடையாள அட்டை முகம்!

"சிரிங்க பாட்டி."

"படத்துக்குச் சிரிக்கலாமா? தாத்தாவப் பாரு, எப்புடி இருக்காரு."

எட்டு வயதுத் தம்பி சுவரைப் பார்த்தான். எங்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அவன் மிகவும் குழம்பிப்போய், "உங்கட தாத்தாக்கு மீச ஈக்குதா?" என்று கேட்டான்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மருமகள் சிரித்தார், பாட்டி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அந்த நேரத்தில் ஏழு, எட்டுப் படம் எடுத்துவிட்டேன். 1/80 செக்கன், எஃப் 1.8. என் பழைய லென்ஸால் அந்தச் சிரிப்பை எடுத்திருக்கவே முடியாது. மூக்கும் வாயும் ஒன்றோடொன்று கலந்த ஒரு இழுவைதான் கிடைத்திருக்கும்.

கெமராவின் சின்னத் திரையில் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வலது கண்ணும் அதைச் சுற்றிய சுருக்கங்களும் ஊசியால் கீறியது போலத் தெளிவு. முகத்தைச் சற்றுத் திருப்பியிருந்ததால் மற்றக் கண் கொஞ்சம் மங்கல், காதுத் தோடு முழுதாகவே மங்கல். பின்னால் எல்லாம் மெல்லிய நீலம்.

பாட்டி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்க புடிச்சது?"

"இங்கதான் பாட்டி, இப்ப."

"பின்னால தாத்தாவக் காணோமே. சாமியக் காணோம். தீவாளிக்கு மகன் கொழும்புல இருந்து வந்து பெயின்ட் அடிச்சான், அந்தச் செவுரக் காணோம். யாரோ ஒரு கெழவி மேகத்துல ஒக்காந்திருக்கா."

தம்பி இந்த முறையும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மழை வரப் பார்த்ததால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கினோம்.

அன்று இரவு மீட்டல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் கீறிக் கணக்குப் பார்த்தேன். 50 மி.மீ. லென்ஸை 'ஸ்டாண்டர்ட் லென்ஸ்' என்பார்கள். 1925 இல் ஜேர்மனியில் லைக்கா கெமரா விற்பனைக்கு வந்தபோது அதில் பூட்டியிருந்ததும் 50 மி.மீ. தான். அந்த ஃபிலிமின் அளவு 36 க்கு 24 மி.மீ. மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 43 மி.மீ. குவியத்தூரம் இந்த மூலைவிட்டத்துக்குக் கிட்டவாக இருந்தால் படம் கிட்டவும் இழுக்காது, தூரவும் தள்ளாது என்பதுதான் ஸ்டாண்டர்ட் என்ற பெயரின் பொருள். ஆனால் என் கெமராவுக்குள் இருக்கும் உணரியின் அளவு 22.3 க்கு 14.9 மி.மீ. மூலைவிட்டம் 27 மி.மீ. கூட இல்லை. ஆகவே இந்த ஸ்டாண்டர்ட் லென்ஸ் என் கெமராவில் ஸ்டாண்டர்ட் அல்ல, பழைய ஃபிலிம் கெமராவில் 80 மி.மீ. லென்ஸ் போட்டது மாதிரி. 3 மீற்றரில் நின்றால் அதன் அகலப் பக்கத்துக்குள் 1.3 மீற்றர்தான் அடங்கும். பாட்டி குடும்பம் அடங்காததில் ஆச்சரியமே இல்லை. என் மாதிரிக் கெமராவில் காம்பராவுக்குள் எடுக்க விரும்புகிறவருக்குக் கெனனின் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ்தான் பொருத்தம், அதே 3 மீற்றரில் 2.8 மீற்றர் அகலம் வரும். நிக்கொன் வைத்திருப்பவர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது. இதைச் சாச்சாவிடம் சொன்னேன். "தெரியும். நீயே கண்டுபிடிக்கணும் என்டுதான் சொல்லல்ல" என்றார். வியாபாரி!

ஆனால் அகலம் மட்டும் என் பிரச்சினை இல்லை. பாட்டி சொன்ன மேகம் மனதை விட்டுப் போகவில்லை.

ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலப் பெண்மணியைப் பற்றி வாசித்திருக்கிறேன். நாற்பத்தெட்டாவது வயதில் முதல் கெமரா கிடைத்து, அதற்குப் பிறகு உலகப் புகழ் பெற்றவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879 இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். தெளிவு மங்கலான முகப் படங்கள்தான் அவருடைய அடையாளம். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் உண்டு. இங்கே களுத்துறையிலும் தோட்டத்திலும் அவர் எடுத்த ஆட்களில் பெரும்பாலானவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அந்தப் படங்கள் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. அதில் இருக்கும் ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்தாளா, பார்த்திருந்தால் எங்கள் பாட்டியைப் போல ஏதாவது கேட்டிருப்பாளா என்றுதான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏறினேன். இந்த முறை பாட்டியைக் காம்பராவுக்குள் இருத்தவில்லை. இஸ்தோப்பில், வாசல் நிலைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, நான் கானைத் தாண்டி முற்றத்துக்குப் போய்விட்டேன். சுவர் இல்லாததால் 4 மீற்றர் தள்ளி நிற்க முடிந்தது. கெமராவை நெடுக்காகப் பிடித்தபோது பாட்டி, முக்காலி, வாசல் நிலை எல்லாம் அளவெடுத்தது போல் அடங்கின. எஃப் 4 வைத்தேன். அந்தத் தூரத்தில் ஒரு மீற்றர் அளவுக்குத் தெளிவு கிடைக்கும். பாட்டியின் இரண்டு கண்களும் இரண்டு தோடுகளும் கால் விரல்களும் தெளிவு. பின்னால் திறந்த கதவுக்குள் நீலச் சுவரும் அதில் தாத்தாவின் படமும் இருப்பது தெரிந்தது. முகம் தெரியாது, ஆனால் அது தாத்தா என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே மின்குமிழை எரியவிட்டது பாட்டியின் யோசனை.

பாட்டி திரையைப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். "இது நம்ம வீடு."

சிரித்த படத்தையும் அச்சடிக்கவா என்று கேட்டேன். "அத நீ வச்சுக்க பாப்பா. சாவு வீட்டுல சிரிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாட்டி தெரிவு செய்த படத்துக்கு இந்த லென்ஸ் அவசியமே இல்லை. அந்த வெளிச்சத்தில் என் பழைய லென்ஸே எஃப் 5.6 இல் ஏறக்குறைய இதேபோல் எடுத்திருக்கும். இருபத்தையாயிரம் ரூபாவின் வேலை, பாட்டி வேண்டாமென்ற படத்தில்தான் இருக்கிறது. இதை உம்மாவிடம் சொன்னால் மீட்டல் வகுப்புக்கு உடனே காசு கட்டிவிடுவார் என்று தெரிந்தும் சொன்னேன்.

உம்மா அந்தச் சிரித்த படத்தைக் கேட்டு வாங்கி, அடுப்படி வெளிச்சத்தில் பார்த்தார். "இவ இப்படிச் சிரிப்பாவா? எத்தன வருசமாப் பாக்கிறன்" என்றார். பிறகு, "வகுப்புக்கு வாப்பா கட்டுவாரு. நீ வாங்கு" என்றார். வாப்பாவிடம் இதைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

வாங்கிவிட்டேன். வாங்க நினைக்கும் தோழிகளுக்கு என் அபிப்பிராயம் இது. சின்ன வீடுகளுக்குள் குடும்பமாக எடுக்கத்தான் ஒரு லென்ஸ் வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள். குறைந்த வெளிச்சத்தில் ஒரு ஆளுடைய முகத்தை, அவர் அசையும்போதே எடுக்க வேண்டும் என்றால், இந்த விலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. எஃப் 1.8 ஐ வெளிச்சம் இல்லாத நேரத்துக்கு வைத்துக்கொண்டு மற்ற நேரம் 2.8 இலோ 4 இலோ எடுங்கள். பழையது வாங்கினால் டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சிலந்தி வலை மாதிரிப் படர்ந்துவிடும். என்னுடையது இப்போது ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் இருந்து சேர்த்த ஈரம் உறிஞ்சும் பக்கெட்டுகளோடு இருக்கிறது.

படத்தை டவுனில் அச்சடித்து, பின்புறத்தில் பாட்டியின் முழுப் பெயரையும் திகதியையும் எழுதிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். இங்கே அவருடைய பெயரை எழுதாததற்குக் காரணம், அதற்கு நான் சம்மதம் கேட்கவில்லை. பாட்டி அதைத் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டாமல், பொலித்தீன் உறையோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டாராம். "இப்பவே மாட்டுனா ஆளு போயிட்டேன்னு நெனச்சுருவாங்க" என்று வாப்பாவிடம் விளக்கம் சொன்னார். காசு வாங்க மறுத்ததால் ஒரு பக்கெட் தேயிலைத்தூளைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்துக் காம்பரா ஆச்சி மா வாங்க வந்தார். அவருக்கும் ஒரு படம் வேண்டுமாம். வாசலில் வைத்து, மின்குமிழை எரியவிட்டு. அடுத்த ஞாயிறு மழை இல்லாவிட்டால் போக வேண்டும்.